பிடியரிசி: வாங்குவது சுலபம், கொடுப்பதுதான் கஷ்டம்

நான் 27 வருஷம் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்தவள். ஒரு கை அரிசி அள்ளினால் இத்தனை கிராம் என்று தராசு இல்லாமல் சொல்லிவிடுவேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு 100 கிராம், ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு 150 கிராம் என்று அளந்து அளந்து கைக்கே பழகிவிட்டது. ஓய்வு பெற்றதும் எங்கள் கிறிஸ்தவ சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் பிடியரிசிப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். "டீச்சருக்குத்தான் அரிசிக் கணக்கு தெரியும்" என்றார்கள். நான் டீச்சர் இல்லை. ஆனாலும் எங்கள் ஊரில் சத்துணவுக்காரிக்கும் அந்தப் பெயர்தான்.

2020 ஊரடங்கிலும் அப்புறம் 2023 டிசம்பர் வெள்ளத்திலும் அந்த அரிசிதான் எங்களைத் தாங்கியது. அதைக் கேள்விப்பட்டு அக்கம்பக்கத்துச் சபைக்காரர்கள் "எப்படி நடத்துறீங்க அக்கா?" என்று போன் போடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

பிடியரிசி என்றால் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. உலையில் போட அரிசி எடுக்கும்போது, களைவதற்கு முன்னால், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட வேண்டும். மாசக் கடைசியில் கலயத்தைக் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும் (சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம்). எங்க அம்மை அடுப்புக்குப் பக்கத்திலேயே அந்தக் கலயத்தை வைத்திருப்பாள். ஐயா பனையேறி. பதநீர் இல்லாத மாசத்தில் எங்கள் வீட்டில் ஒருவேளைதான் சோறு. அந்த ஒருவேளையிலும் கலயத்துக்கு ஒரு பிடி போகும். தென்மாவட்டத்துச் சபைகளில் பழைய ஆட்களுக்கு இது தெரிந்த பழக்கம்தான். மிசோரத்துச் சபைகளில் 1910-ல் தொடங்கி இன்றைக்கும் விடாமல் நடக்கிறது. அங்கே ஊழியம், பள்ளி என்று பல காரியத்துக்கு அந்தக் கைப்பிடிதான் ஆதாரம்.

எங்கள் சபையில் நான் பொறுப்பு எடுத்தபோது பிடியரிசி பெயருக்குத்தான் இருந்தது. பத்துப் பதினைந்து வீட்டிலிருந்து வரும். வந்ததை ஏலம் போட்டு வரும் காசைச் சங்கக் கணக்கில் சேர்ப்பார்கள். அந்தக் காசு எங்கே போனது என்று கேட்டால், கோபுரத்துக்கு வெள்ளை அடித்தது என்று பதில் வரும். ஊரில் மூன்று வீட்டில் அடுப்பு எரியாத மாசத்தில் கோபுரம் பளபளவென்று நின்றது. அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் இதை மாற்ற ஆரம்பித்தேன்.

முதலில் உங்கள் ஊரின் பஞ்ச மாசம் எது என்று பாருங்கள்

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் ஆறுமுகநேரிப் பக்கம். பாதிப் பேர் உப்பளத்துக்குப் போகிறவர்கள். மீதிப் பேர் வாழைத் தோட்டம், பனை, கொத்து வேலை. தை கழிந்து பாத்தி காய்ந்ததும் உப்பு வாரும் வேலை சூடு பிடிக்கும், புரட்டாசி வரை ஓடும். ஐப்பசியில் மழை விழுந்ததோ, பாத்தியெல்லாம் தண்ணீர், கூலி நின்றுபோகும். பனையிலும் அந்த மாசங்களில் ஒன்றும் இறங்காது. ஊரே பச்சையாக, பார்க்க அழகாக இருக்கிற ஐப்பசி, கார்த்திகை, மார்கழிதான் எங்களுக்குப் பட்டினி மாசம்.

உங்கள் ஊருக்கு அது வேறாக இருக்கும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குக் கூலியாகப் போகிறவன் வீட்டில் பள்ளிக்கூடம் திறக்கிற நேரத்தில்தான் கையில் காசு இருக்காது. கட்டட வேலைக்காரர்கள் அதிகம் உள்ள ஊரில் மழைக்காலம். இதை முதலில் கண்டுபிடியுங்கள். ஏனென்றால் கஷ்டம் வந்த பிறகு அரிசி சேர்க்க முடியாது. கூலி ஓடுகிற மாசத்தில் சேர்த்து, ஓடாத மாசத்தில் எடுக்க வேண்டும். வேதாகமத்தில் யோசேப்பு எகிப்தில் பஞ்சத்துக்கு முன்னால் தானியம் சேர்த்ததும் இந்தக் கணக்குதான். ஆனால் அவர் கடைசியில் தானியத்தை விற்று, ஜனங்களின் ஆடுமாட்டையும் நிலத்தையும் பார்வோனுக்கு எழுதி வாங்கிவிட்டார். அதை ஞாயிறு பள்ளியில் நமக்கு யாரும் சொல்வதில்லை.

எவ்வளவு சேரும்

ஏமாந்துபோகாமல் இருக்க இந்தக் கணக்கை முதலிலேயே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பெண்ணின் சாதாரணப் பிடி 45 கிராம். ஆண் பிள்ளை பிடித்தால் 60, 70 வரும். ஆனால் அவர்கள் உலை வைப்பதில்லை. ஒரு நாளைக்கு ஒரு பிடி என்று 30 நாளுக்கு ஒரு வீட்டுக்கு 1 கிலோ 350 கிராம். எங்கள் சபையில் 60 வீடு, ஒழுங்காகப் போடுவது 52 வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி 70 கிலோ வர வேண்டும். வருவது 55. மறதி, ஊருக்குப் போனது, உடம்பு சரியில்லாதது, எல்லாம் உண்டு. நானே போன லெந்து காலத்தில் (தவக்காலம்) நாலு நாள் மறந்தேன்.

நாலு பேர் உள்ள, உடம்பு வேலை செய்கிற வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒன்றேகால் கிலோ அரிசி வேண்டும். ஆக 55 கிலோவைப் பிரித்தால் ஒன்பது வீட்டுக்கு ஐந்து நாள் ஓடும். அவ்வளவுதான். பிடியரிசி ஒரு குடும்பத்தை மாசம் முழுக்கக் காப்பாற்றாது. 25-ஆம் தேதியிலிருந்து 1-ஆம் தேதி வரை இருக்கிற பள்ளத்தைத் தாண்டவைக்கும். அந்தப் பள்ளத்தில்தான் வட்டிக்காரன் உட்கார்ந்திருக்கிறான் என்பதால் அந்த ஐந்து நாள் பெரிய விஷயம்.

என்ன அரிசி என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். நாங்கள் ஆரம்பத்தில் எதையும் வாங்கினோம். ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் ரேஷன் புழுங்கல், ஒரு வீட்டில் பச்சரிசி. சேர்த்து வடித்தால் ஒன்று குழைந்து கிடக்கும், ஒன்று விதையாக நிற்கும். தனித்தனி டிரம்மில் போட்டால் யார் வீட்டில் எந்த அரிசி என்று கோயிலே பேசும். கடைசியில் எல்லா வீடும் ரேஷன் புழுங்கல் மட்டும் போட வேண்டும் என்று வைத்தோம். வசதியான வீட்டுக்கும் கார்டு இருக்கிறது, அவர்களும் அந்த அரிசியை இட்லிக்காவது வாங்கத்தான் செய்கிறார்கள். இன்னொன்று, ரேஷன் அரிசியைக் காசுக்கு விற்பது குற்றம். அதனால் ஏலத்தில் அரிசியைக் கொண்டுவர முடியாது. கோபுரத்துக்கு வெள்ளையடிக்கிற வழி தானாகவே அடைபட்டது. (அரிசியில் வெள்ளையாகத் தண்ணீரில் மிதக்கிற மணியைப் பார்த்து "பிளாஸ்டிக் அரிசி" என்று பொறுக்கிப் போடுகிறார்கள். அது இரும்புச் சத்தும் போலிக் அமிலமும் பி12-உம் சேர்த்த செறிவூட்டப்பட்ட அரிசி. பொறுக்காதீர்கள்.)

பருப்புக்கும் எண்ணெய்க்கும் காசு வேண்டுமே என்பீர்கள். அதற்குத் தேங்காய், முருங்கைக்காய், முட்டை என்று காணிக்கையாக வருவதை ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுகிறோம். அறுப்பின் பண்டிகை அன்று ஒரு கட்டு முருங்கைக்காய் 400 ரூபாய்க்குப் போனதுண்டு. போட்டி போட்டது இரண்டு சம்பந்திகள்.

மஞ்சப்பை

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறேன். அரிசி சேர்ப்பதற்கு எல்லாரும் யோசனை சொல்வார்கள். அதை வாங்குகிறவள் எந்த வாசல் வழியாக வந்து, யார் பார்க்க, எப்படி வாங்கிப் போவாள் என்று ஒருத்தரும் யோசிப்பதில்லை.

நாங்களும் யோசிக்கவில்லை. 2020 ஏப்ரலில் சேர்ந்த அரிசியை ஐந்து கிலோ பொட்டலமாகக் கட்டினோம். ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்ததும் கோயில் வாசலில் வைத்து, சபையில் பொறுப்பில் இருந்த ஒருவர் பட்டியலை வாசிக்க, ஒவ்வொருவராக வந்து வாங்கினார்கள். போட்டோ எடுத்து சபை வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். அதில் ஒரு விதவை. என்னைவிட இரண்டு வயசு மூத்தவள், எனக்கு மதினி முறை. போட்டோவில் தலை குனிந்து நின்றாள். பம்பாயில் இருக்கிற அவள் மகன் அதைப் பார்த்துவிட்டு அம்மைக்குப் போன் போட்டுக் கத்தியிருக்கிறான். அப்புறம் ஒன்பது மாசம் அவள் கோயிலுக்கே வரவில்லை. நான் போய்க் கூப்பிட்டபோது, "அரிசி தந்தீங்க சரி, மானத்த வாங்கிட்டீங்களே டீச்சர்" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. பட்டியலை எழுதிக் கொடுத்ததே நான்தான்.

வேதாகமத்தில் உபாகமம் 24-இல் ஒரு சட்டம் இருக்கிறது. ஒருவனுக்குக் கடன் கொடுத்தால் அடகு வாங்க அவன் வீட்டுக்குள்ளே போகக் கூடாது, வெளியே நிற்க வேண்டும், அவனே கொண்டுவந்து தருவான். எத்தனையோ முறை வாசித்தும் அது ஏன் என்று நான் நினைத்ததில்லை. உள்ளே போனால் காலிப் பானையைப் பார்த்துவிடுவோம். அதற்காகத்தான்.

அதன் பிறகு செய்தது இது. 60 வீட்டுக்கும் ஒரே மாதிரி மஞ்சப்பை தைத்தோம். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை போல, ஆனால் எழுத்தில்லாமல், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத கெட்டித் துணியில். மாசத்தின் கடைசி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லா வீடும் பையோடு வரிசையில் வர வேண்டும். வெஸ்ட்ரி என்கிற கோயில் பக்க அறையில் டிரம், பக்கத்தில் அளக்க ஒரு படி, கதவுக்குத் திரை. ஒவ்வொருவராக உள்ளே போக வேண்டும். இருக்கிறவர் போடலாம், இல்லாதவர் எடுக்கலாம். உள்ளே யாரும் இல்லை. எல்லாரும் பையோடுதான் வெளியே வருவார்கள். காலிப் பையாக வந்தால் தெரிந்துவிடும் என்பதால், போட்டவர்கள் வெளியே கொண்டுபோக உள்ளே ஒரு தட்டில் கருவேப்பிலை, எலுமிச்சம்பழம், வாழைப்பூ என்று ஏதாவது வைத்திருப்போம். கைப்பிடியில் ஒரு முடிச்சுப் போட்டு, தோளில் மாட்டாமல் கையில் அணைத்துக்கொண்டு வரவேண்டும் என்று எல்லாருக்கும் பழக்கினோம். கனம் தெரியாது.

எடுக்கிறவரும் அடுத்த மாசம் ஒரு பிடியாவது போட வேண்டும் என்பது மட்டும்தான் விதி. அதைச் சோதிக்க வழி இல்லை, சோதிப்பதும் இல்லை. ஆனால் சொல்லி வைத்திருக்கிறோம். ஏழைகளிடம் வாங்க வேண்டாமே என்று எங்கள் போதகர் ஐயரவர்கள் முதலில் இரக்கப்பட்டுச் சொன்னார். நான் சாறிபாத் விதவையைக் காட்டினேன். பானையில் கடைசியாக இருந்த ஒரு பிடி மாவில் எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் அடை பண்ணிக் கொடுத்தவள் அவள். போட விடாவிட்டால் அவள் என்றைக்கும் வாங்குகிறவளாகவே நிற்பாள்.

எடை எப்படிப் பார்ப்பது? ஆராதனைக்கு முன்னால் டிரம்மை எடை போடுகிறோம், எல்லாரும் போன பிறகு மறுபடி போடுகிறோம். வித்தியாசத்தை மட்டும் நோட்டில் எழுதுகிறோம். பங்குனியில் கூடியிருக்கும், கார்த்திகையில் குறைந்திருக்கும். அந்த ஒரு எண்ணை அறிவிப்புப் பலகையில் எழுதிவிடுவோம். பெயர் எங்குமே இல்லை. 27 வருஷம் பதிவேட்டில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் நேரே டிக் போட்ட எனக்கு இது முதல் நாலு மாசம் தூக்கத்தைக் கெடுத்தது.

சாவி யாரிடம்

எங்கள் சபையில் வடக்குத் தெரு, தெற்குத் தெரு என்று இரண்டு உண்டு. இரண்டு தெருவும் ஒரே கிண்ணத்தில் திருவிருந்து எடுக்கிறோம். கல்லறைத் தோட்டத்தில் மட்டும் நடுவில் ஒரு குட்டைச் சுவர். இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது என்று நினைக்கிறேன். 1799-இல் சாத்தான்குளம் பக்கம் முதலூர் உண்டானதே, வேதத்துக்கு (கிறிஸ்தவத்துக்கு) வந்ததற்காக அடித்துத் துரத்தப்பட்டவர்கள் ஒதுங்க ஒரு நிலம் வேண்டும் என்றுதான். அப்படி ஒதுங்கி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம் சுவர் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

டிரம்முக்கு இரண்டு பூட்டு. ஆரம்பத்தில் இரண்டு சாவியும் வடக்குத் தெருவில்தான் இருந்தன. "நம்பிக்கையான ஆள்" என்று கமிட்டி தேர்ந்தெடுத்தால் எப்போதும் அந்தத் தெருவிலேயே கிடைப்பார்கள். வேதபாட வகுப்பில் அப்போஸ்தலர் நடபடிகள் 6 படித்தபோது எனக்கு ஒன்று பிடிபட்டது. எருசலேம் சபையில் அன்றாடம் பங்கு கொடுக்கும்போது கிரேக்கு பேசிய யூதர்களின் விதவைகள் விடுபட்டார்கள், முறுமுறுப்பு வந்தது. உடனே ஏழு பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர். பங்கு கிடைக்காமல் முறுமுறுத்த பக்கத்திடமே பந்தியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். இதை நான் பெண்கள் கூட்டத்தில் சொன்னபோது யாரும் ஆமென் சொல்லவில்லை. இரண்டு மாசம் இழுத்தது. இப்போது ஒரு சாவி தெற்குத் தெருவில் தையல் வேலை செய்கிற ஒரு தங்கச்சியிடம், இன்னொன்று கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளையிடம். நோட்டு என்னிடம். மூன்று பேரும் இல்லாமல் டிரம் திறக்காது. நீங்கள் ஆரம்பிக்கும்போதே இப்படி வையுங்கள். பிறகு மாற்றுவது பெரும்பாடு.

கத்தோலிக்கச் சபைக்காரர்களுக்கு வேலை சுலபம். அன்பியம் என்று இருபது முப்பது வீடாக ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறார்கள், ஒரு அன்பியத்துக்கு ஒரு டிரம் போதும். ஆனால் ஒரே தெரு ஒரே அன்பியமாக இருந்தால் மேலே சொன்ன சிக்கல் வேறு உருவில் வரும். இரண்டு தெருவைக் கலந்து வையுங்கள்.

வண்டும் தண்ணீரும்

100 லிட்டர் டிரம்மில் 80 கிலோ அரிசி பிடிக்கும். தகர டிரம் வேண்டாம், எங்கள் ஊர் உப்புக் காற்றில் ஒரு வருஷத்தில் துருப்பிடிக்கும். மூடி இறுகுகிற கெட்டி பிளாஸ்டிக் டிரம் நல்லது. உள்ளே காய்ந்த வேப்பிலையும் மிளகாய் வற்றலும் துணியில் முடிந்து போடுங்கள். மாசம் ஒரு தடவை சல்லடையில் சலிக்க வேண்டும். வண்டு வந்தால் வெயிலில் கொட்டாதீர்கள், அரிசி நொறுங்கும். நிழலில் பாயில் பரப்பினால் வண்டு தானாக ஊர்ந்து போய்விடும். பழையது மேலே, புதியது கீழே போகும்படி மாற்றிப் போடுங்கள். ஆறு மாசத்துக்கு மேல் எதையும் வைக்காதீர்கள், மிஞ்சினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அசனம் (கோயில் விருந்து) போட்டு எல்லாரும் சாப்பிட்டுவிடுங்கள். வேதாகமத்தில் வானத்திலிருந்து விழுந்த மன்னாவை மறுநாளைக்கு எடுத்து வைத்தவர்களுக்குப் புழு பிடித்தது. நாங்களும் ஒரு வருஷம் 40 கிலோவை அப்படிக் கோழிக்குப் போட்டோம்.

டிரம்மைத் தரையில் வைக்காதீர்கள். இதை நாங்கள் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டோம். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு எட்டே நாள், கேரல் பவனிக்கு நட்சத்திரம் கட்டி வைத்திருந்தோம். காலையிலிருந்து விடாத மழை. பக்கத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. ராத்திரி குளங்கள் உடைந்து தாமிரபரணித் தண்ணீர் வந்தபோது வெஸ்ட்ரிக்குள் இடுப்பளவு. மூன்று டிரம்மில் இரண்டு செங்கல் மேல் இருந்தன. அவை இரண்டும் கவிழ்ந்து மிதந்து மூடி திறந்துவிட்டது. ஒன்று மட்டும் யாரோ பிள்ளைகள் விளையாட்டாகப் பெஞ்சு மேல் தூக்கி வைத்ததால் தப்பியது. எழுபது கிலோ சொச்சம்.

நனைந்த அரிசியைக் கழுவிக் காய வைத்துப் பொங்கலாம் என்று இரண்டு பேர் நின்றார்கள். வெள்ளத் தண்ணீரில் செப்டிக் டேங்க்கும் செத்த ஆடும் கலந்திருக்கும். புதைக்கச் சொன்னேன். பஞ்சத்தில் அரிசியைப் புதைப்பது பாவம் என்று ஒரு ஆச்சி என்னைத் திட்டினாள். திட்டட்டும். ஊரில் ஒருவருக்கும் வயிற்றுப்போக்கு வரவில்லை.

நூறு பேருக்குக் கஞ்சி

வெள்ள நேரத்தில் அரிசியைப் பங்கு போட்டுக் கொடுத்துப் பிரயோஜனம் இல்லை. அவரவர் அடுப்பு தண்ணீரில் கிடக்கும். பொதுவில் சமைத்துவிடுங்கள், அதுவும் முதல் இரண்டு நாள் கஞ்சிதான். நூறு பெரியவர்களுக்கு 7 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ சிறுபயறு, 60 லிட்டர் தண்ணீர், 600 கிராம் உப்பு. உப்பைப் பாதி போட்டு ருசி பார்த்து மீதியைப் போடுங்கள். பயறை முதலில் வெறும் சட்டியில் வறுத்துக்கொண்டால் சீக்கிரம் வேகும். ஆளுக்கு அரை லிட்டருக்கு மேல் கிடைக்கும். சோறு என்றால் நூறு பேருக்கு 12 கிலோ அரிசி, சாம்பாருக்கு இரண்டரைக் கிலோ பருப்பு. எங்களுக்கு முதல் நாள் 210 பேர், 15 கிலோ அரிசி.

அண்டாவும் கொப்பரையும் அசனத்துக்காகக் கோயிலில் இருந்தன. விறகு நனைந்துவிட்டது. தேங்காய்ச் சிரட்டையும் மச்சில் கிடந்த சில்லாட்டையும் (பன்னாடை) கொண்டு முதல் அடுப்பு மூட்டினோம். அம்மன் கோயில் கொடை விழா நடத்துகிறவர்களிடம் இரண்டு பெரிய சிலிண்டர் இருந்தது. அவர்கள் சிலிண்டரைத் தூக்கி வந்தார்கள், நாங்கள் அரிசி போட்டோம், அடுத்த மூன்று நாளும் ஒரே அடுப்புதான். அதே ராத்திரி ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் தண்டவாளம் அரித்துப்போய் நின்றுவிட, உள்ளே நூற்றுக்கணக்கில் சிக்கியவர்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் அரிசியைப் பொங்கிக் கொடுத்தார்கள். அந்தச் செய்தி எங்களுக்கு மின்சாரம் வந்த பிறகுதான் தெரிந்தது.

சமைக்கும்போது நாலு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். கரண்டி பிடிப்பவர்களில் இரண்டு தெருவும் இருக்க வேண்டும். முடிந்தால் தெற்குத் தெருப் பெண்கள் சமைத்து, வடக்குத் தெரு ஆண்கள் பாத்திரம் கழுவட்டும். பார்சல் கிடையாது, படுத்த படுக்கையானவர்களுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் மட்டும்தான். முதல் நாளே மூன்று வீட்டிலிருந்து தூக்குவாளி வந்தது. மழையில் வர முடியவில்லையாம். தூக்குவாளியோடு வந்தவர் நடந்துதானே வந்தார் என்று கேட்டேன். உட்கார்ந்துவிட்டார். அப்புறம், கமிட்டிக்காரர்கள் எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுவதைப் பெருமையாக நினைப்பார்கள். அதை நான் ஒத்துக்கொள்வதில்லை. நின்றுகொண்டே பார்க்கிறவன் தர்மகர்த்தா ஆகிவிடுகிறான். ஐயரவர்கள் உள்பட வரிசை நடுவில் உட்கார்ந்து, அதே தட்டில், அதே கஞ்சியைக் குடிக்க வேண்டும். போட்டோ எடுத்தால் போனைப் பிடுங்கி வைத்துவிடுவேன் என்றும் சொல்லியிருந்தேன்.

மனு பெஞ்ச்

அரிசி எடுக்கிற வீடு எது என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் ஏன் எடுக்க வேண்டி வந்தது என்பது தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் இருபது வருஷம் கழித்தும் அதே வீடு அதே டிரம்முக்கு வந்துகொண்டிருக்கும். அதற்கு ஒரு வழி செய்தோம். அதே கடைசி ஞாயிற்றில் வேப்பமரத்தடியில் ஒரு பெஞ்சு போட்டு, கல்லூரிக்குப் போகிற இரண்டு பிள்ளைகளை மனு எழுத உட்கார வைத்தோம். "மனு எழுத வேண்டியவர்கள் வரலாம்" என்று பொதுவாக அறிவித்தோம். பட்டா மாறுதல், பத்திரத்தில் பெயர்ப் பிழை, மின்கம்பம் சாய்ந்தது என்று வசதியானவர்களுக்கும் அரசாங்கத்திடம் ஆயிரம் காரியம் இருக்கிறது. அவர்கள் நடுவில் முதியோர் உதவித்தொகை நின்றுபோனவளும் கூச்சமில்லாமல் உட்காருவாள்.

முதல் மாசம் எழுதிய மனுக்களில் எனக்கு விஷயம் விளங்கியது. கல்யாணமாகி வந்த மருமகள் பெயர் கார்டில் சேராததால் அவளுக்கும் பிள்ளைக்கும் அரிசி இல்லை. 1,200 ரூபாய் உதவித்தொகை, கைரேகை பதியாததால் ஐந்து மாசமாக வரவில்லை. உப்பு அள்ளி அள்ளி ரேகையே தேய்ந்துவிட்டது. உப்பளத் தொழிலாளிக்கு மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய் உண்டு, நலவாரிய அட்டை இல்லாததால் பாதிப் பேருக்குக் கிடைக்கவில்லை. அட்டைக்கு வேலைச் சான்று கேட்கிறார்கள், வேலை கொடுக்கிறவர் தர மாட்டார். தெற்குத் தெருப் பிள்ளைகளுக்குப் பட்டியல் சாதிச் சான்று கிடையாது. 1950-ஆம் வருஷத்து ஆணையில் முதலில் இந்துக்கள், 1956-ல் சீக்கியர், 1990-ல் பௌத்தர் என்று சேர்த்தார்கள், கிறிஸ்தவர்கள் இன்றுவரை வெளியே. சுவர் கல்லறையில் இருக்கிறது, சான்றிதழில் மட்டும் இல்லையாம். அது எங்கள் பெஞ்சுக்கு மேலான காரியம், ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் அந்த ஆணை வந்த ஆகஸ்ட் 10 அன்று கறுப்பு நாள் மனுவில் இரண்டு தெருவும் கையெழுத்துப் போட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். வடக்குத் தெருவிலிருந்து முதல் வருஷம் ஆறு கையெழுத்து. போன வருஷம் பத்தொன்பது.

மற்ற மனுக்களைத் தூக்கிக்கொண்டு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போகிறோம். தனியாகப் போகாதீர்கள். ஒன்பது பேராவது போங்கள், ஒரே பஸ்ஸில். மனுவின் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள். மூன்று மாசத்தில் பதில் வராவிட்டால் அந்தச் சீலைக் காட்டித்தான் மறுபடி நிற்க முடியும். மருமகள் பெயர் இரண்டு மாசத்தில் சேர்ந்தது. உதவித்தொகை வந்தது. நலவாரிய அட்டை இன்னும் இழுபறி.

கடைசியாக, போன் போடுகிற எல்லாரும் கேட்கிற கேள்வி: யாரும் பார்க்காவிட்டால் ஏமாற்ற மாட்டார்களா?

ஏமாற்றுவார்கள். எங்கள் சபையில் ஒரு வீட்டில் மாடி கட்டியிருக்கிறார்கள், மகன் கப்பலில். ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது முற்றத்தில் கோழிக்குத் தூவியிருந்த அரிசியைப் பார்த்தேன். எங்கள் டிரம் அரிசியில் மிளகாய் வற்றல் விதை கொஞ்சம் கிடக்கும், முடிச்சு சரியாகக் கட்டாததால். அந்த விதை அங்கே கிடந்தது. மாசம் நாலு கிலோ போகும் என்று கணக்குப் போட்டேன். அதைப் பிடிக்க அறைக்குள் ஒரு ஆளை நிறுத்தினால் மறு மாசமே உண்மையில் இல்லாத வீடுகளும் வராது. கோயில்பிள்ளையிடம்கூடச் சொல்லவில்லை. போன அறுப்பின் பண்டிகைக்கு அந்த வீட்டிலிருந்து ஒரு சேவலைக் காணிக்கையாகக் கொண்டுவந்தார்கள். நல்ல கொழுத்த சேவல். ஏலத்தில் 1,150 ரூபாய்க்குப் போனது. அதில் எட்டு கிலோ துவரம்பருப்பு வாங்கினோம்.